ஒரு கலம் எப்படிக் கண்ணும் காலும் ஆகிறது?

வயிற்றில் வளரும் பிள்ளை முதலில் ஒரேயொரு கலம்தான். தாயின் முட்டையும் தகப்பனின் விந்தும் சேர்ந்து உண்டான அந்த ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகும். அந்த நேரம் எல்லாம் ஒரே மாதிரி. எது கண், எது எலும்பு என்று யாராலும் சொல்ல முடியாது.

5, 6 நாட்களில் வேலை பிரிக்கிறது ஆரம்பமாகும். வெளிப்பக்கக் கலங்கள் நஞ்சுக்கொடிக்கு, உள்ளே இருப்பவை பிள்ளைக்கு. மூன்றாம் கிழமையில் உள்ளே மூன்று அடுக்கு உண்டாகும். மேலடுக்கிலிருந்து தோலும் மூளையும், நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, இருதயம், கீழடுக்கிலிருந்து குடலின் உட்சுவர், ஈரல். தோலும் மூளையும் ஒரே அடுக்கில் பிறந்தவை என்பது எங்களுக்கே ஆச்சரியம்தான்!

எல்லாக் கலத்துக்குள்ளும் இருக்கும் கட்டளைப் புத்தகம் ஒன்றே. பக்கத்துக் கலங்கள் அனுப்பும் இரசாயனச் செய்தியைப் பொறுத்து, ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கத்தை மட்டும் வாசிக்கிறது. தேயிலை நர்சரியில் ஓர் இலையோடு துண்டுத் தண்டை ஊன்றினால் வேர்விட்டு முழுச் செடியாகிறதே, அது செடிக்கு முடியும். நம் உடம்பில் நரம்பாகிவிட்ட கலம் தானாகத் திரும்பி வேறொன்றாகாது.

அதனால்தான் நாள் கணக்கு முக்கியம். கருத்தரித்து 22ஆம் நாளளவில் இருதயம் துடிக்கத் தொடங்கும். 28ஆம் நாளளவில், மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் உண்டாகிற குழாய் மூடிவிட வேண்டும். மூடாவிட்டால் முதுகில் திறப்போடு பிள்ளை பிறக்கலாம். அந்த நாளில் தாய்க்கு மாதவிலக்குத் தள்ளி இரண்டு கிழமைதான் ஆகியிருக்கும்.

நம்ம லயங்களில், "மூணு மாசம் போகட்டும், கண்ணு பட்டுடும்" என்று மறைக்கிற வழக்கம் உண்டு. ஊருக்கு மறையுங்கள், மிட்வைப் அம்மாவுக்கு மறைக்காதீர்கள். இந்தக் குழாய் சரியாக மூடுவதற்கு உதவுவது போலிக் அசிட். பிள்ளைக்கு எண்ணம் வைத்த நாளிலிருந்தே, 12 கிழமை முடியும் வரை, தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கும்படி உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. கலியாணம் முடித்த பிள்ளைகள் கிளினிக்கில் இதைக் கேளுங்கள்.

கடை மாத்திரையில் கவனம். 1957இல் மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட்டை, கை கால் உருவாகும் நாட்களில் குமட்டலுக்காக விழுங்கிய தாய்மார் பலருக்குக் கை கால் குறுகிய பிள்ளைகள் பிறந்தார்கள். 1961இல்தான் அங்கே அதை நிறுத்தினார்கள்.

மூன்று மாதம் ஏற்கனவே கடந்துவிட்டதா? பரவாயில்லை, நாளைக்கே கிளினிக்குக்குப் போங்கள். பிள்ளையின் மூளை பிறந்த பிறகும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும்.