வேட்டை வில்லுக்கு ‘சைட்’ தேர்ந்தெடுப்பது எப்படி?

(இயந்திரவியல், இரண்டாம் ஆண்டு)



தலைப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்! நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். அமெரிக்காவிலோ உரிமம் வாங்கி, அதற்கான பருவத்தில் வில்லால் மான் வேட்டையாடலாம். அங்கே அதிகம் பயன்படுவது ஆலன் என்பவர் 1969-ல் காப்புரிமை பெற்ற, கப்பி வைத்த ‘காம்பவுண்ட்’ வில். அதில் குறி பார்க்கப் பொருத்தும் கருவிதான் சைட். இதைப் புரிந்துகொள்ள நம்ம முதலாண்டு பிசிக்ஸே போதும்.

சைட் எதற்கு?

அம்பு நேர்க்கோட்டில் போகாது. நாணை விட்ட நொடியிலிருந்தே இறங்க ஆரம்பிக்கும். வேகம் நொடிக்கு 85 மீட்டர் என்று வைத்து, காற்றுத் தடையை விட்டுவிட்டு, ‘அரை ஜி டி ஸ்கொயர்’ போட்டுப் பாருங்கள். 20 மீட்டரில் இறக்கம் 27 செ.மீ.; 40 மீட்டரில் 108 செ.மீ. தூரம் இரண்டு மடங்கு, இறக்கம் நாலு மடங்கு! அதனால் தூரத்துக்குத் தகுந்தபடி வில்லை உயர்த்த வேண்டும். எவ்வளவு என்று காட்டுவது சைட்டில் உள்ள ‘பின்’. தூரம் கூடக்கூட பின் கீழே இருக்கும்.

இரண்டு வகை

1. பல பின் சைட்: 20, 30, 40 கெஜத்துக்கு ஒவ்வொரு பின். மான் நகர்ந்தாலும் எதையும் திருப்பாமல் அடுத்த பின்னுக்கு மாறலாம். பின்கள் அதிகமானால் பார்வையை மறைக்கும். பதற்றத்தில் எது எதுக்கென்று குழம்பும்.

2. ஒற்றைப் பின் சைட்: தூரத்தை அளந்து, சக்கரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். பார்வை தெளிவாக இருக்கும். ஆனால் வைத்த பிறகு மான் நகர்ந்தால் மறுபடி திருப்பணும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பின் முனையில் ஃபைபர் ஆப்டிக் இழை இருந்தால், சுற்றுமுற்றும் உள்ள வெளிச்சத்தை வாங்கி அதிகாலையிலும் அந்தியிலும் புள்ளியாக மின்னும். அடுத்தது ரசமட்டம். கொத்தனாரான என் அப்பாவின் பையில் இருக்கிற அதே ரசமட்டம்தான், சின்ன அளவில்! வில் 3 டிகிரி சாய்ந்தாலே 40 மீட்டரில் அம்பு 5 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் விலகும். ஸ்க்ரூக்கள் அதிர்வில் தளராமல் இருக்க வேண்டும். சில மாநிலங்களில் வில்லில் மின்னணுக் கருவி பொருத்தத் தடை உண்டு. அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமான விஷயம்

சைட் தூரத்தை அளக்காது. தூரத்தை நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி சுமார் 20 முதல் 25 செ.மீ. அகலம். நடுவில் குறி வைத்தால், மேலும் கீழும் பத்துப் பன்னிரண்டு செ.மீ.தான் இடம். 25 மீட்டரில் நிற்பதை 20 என்று நினைத்தால் அம்பு 8 செ.மீ. கீழே போகும்; தப்பில்லை. 45-ல் நிற்பதை 40 என்று நினைத்தால் 15 செ.மீ. கீழே போய்விடும். அதே 5 மீட்டர் தவறுதான்! பரீட்சையில் கணக்கு தப்பினால் மார்க் போகும். இங்கே தப்பினால் ஓர் உயிர் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, துடித்துச் சாகும்.

ஆகவே புதிதாக ஆரம்பிப்பவருக்கு மூன்று பின், ரசமட்டம், உறுதியான ஸ்க்ரூ உள்ள சைட் போதும். கையில் தூரமானி இருந்து, நிதானமும் வந்த பிறகு ஒற்றைப் பின்னுக்கு மாறலாம். தூரம் நிச்சயமாகத் தெரியாவிட்டால், எந்த சைட் இருந்தாலும் அம்பை விடக் கூடாது.