நோயாளி இருக்கும் வீட்டில் ஒரு கொப்பி

இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் முதியவரோ நீண்டநாள் நோயாளரோ ஒருவர் இருப்பார். அவருக்குக் கஞ்சி வைப்பதையும் கழுவித் துடைப்பதையும் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்வதையும் யாரும் சொல்லித்தராமலே செய்கிறோம். அவருடைய கடதாசிகளைப் பார்த்துக்கொள்வதும் அந்தப் பராமரிப்பில் ஒரு பங்கு என்பது, கந்தோர் வாசலில் இருந்து வெறுங்கையோடு திரும்பும்போதுதான் தெரிகிறது.

1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது மாமியைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தோம். அவ சீனி வருத்தக்காரி. கிளினிக் கொப்பி வீட்டு அலுமாரியில் இருந்துவிட்டது. தென்மராட்சியில் வைத்தியர், "என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம்?" என்று கேட்டார். "வெள்ளைக் குளிசை, காலையில் ஒன்று" என்பதற்கு மேல் எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. வெள்ளைக் குளிசை எத்தனை வகை!

ஆகவே ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பி வாங்குங்கள். முதற் பக்கத்தில் நோயாளியின் முழுப்பெயரை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதுங்கள். அட்டை இலக்கம், பிறந்த திகதி, என்ன வருத்தம், கிளினிக் இலக்கம், அடுத்த கிளினிக் திகதி என்பவற்றையும் எழுதுங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் உறையில் உள்ளபடி எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதுங்கள். ஒத்துவராத மருந்து இருந்தால் சிவப்புப் பேனையால் எழுதிக் கீழே கோடிடுங்கள். பென்சிலின் ஒத்துவராதவருக்கு அதை ஏற்றினால் உயிராபத்து. வைத்தியர் மருந்தை மாற்றினால் பழையதை வெட்டி, பக்கத்தில் திகதியைப் போட்டுவிடுங்கள்.

அடுத்த பக்கங்களில் பத்திரங்களின் இலக்கங்கள். பத்திரம் தொலைந்தாலும் இலக்கம் இருந்தால் பிரதி எடுப்பது இலகு. பிறப்பு, விவாக அத்தாட்சிப் பத்திரங்களுக்குப் பதிவு இலக்கம், பதிந்த திகதி, பதிவுப் பிரிவு என்பவை வேண்டும். பிறப்பே பதியப்படாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். அதற்குச் சாதகம், ஞானஸ்நானப் பதிவு போன்றவை உதவும் என்பதால் அவற்றையும் எறியாதீர்கள். காணி உறுதிக்கு உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் ஆகியவற்றை எழுதுங்கள். நொத்தாரிசு தாம் எழுதிய உறுதியின் இரட்டைப் பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். வீட்டோடு உறுதி எரிந்துபோனவர்கள் அங்கேதான் தேடவேண்டும்.

வன்னியில் பலருடைய காணி உறுதிக்காணி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கிடைத்த பெர்மிற் காணி. அதில் பின்னுரித்தாளராக யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதைப் பதியவும் மாற்றவும் பெர்மிற்காரர் உயிரோடு இருக்கும்போதுதான் முடியும். பெயரில்லாவிட்டால் வாழ்க்கைத்துணைக்குப் பிறகு சட்டம் சொல்லும் வரிசைப்படியே காணி போகும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம்வரை அந்த வரிசையில் ஆண்பிள்ளைகளே முந்தினார்கள். பெண்பிள்ளைகளைப் பின்தள்ளிய அந்த முறை இன்று இல்லை.

இனி, கடினமான பகுதி. வருத்தமாய்ப் படுத்திருப்பவரிடம் "உறுதி எங்கே?" என்று கேட்பது எப்படி? "என்ன, நான் போறதைப் பாத்துக்கொண்டிருக்கிறியளோ?" என்று அவர் மனம் நொந்து திரும்பிப் படுப்பார். அந்தப் பயத்தினால் கேளாமல் விட்டு, பிறகு தவித்த குடும்பங்கள் அநேகம். கேட்பதற்கு ஒரு வழி உண்டு. உறுதியைக் கேளாமல் காணியைக் கேளுங்கள். "அப்பு, அந்த வயலை ஆரிட்டை வாங்கினீங்கள்? வடக்கு எல்லையிலை ஆற்றை காணி? முதல் என்ன விதைச்சீங்கள்?" கமக்காரனுக்குத் தன் நிலத்தைப் பற்றிப் பேச அலுப்பு வராது. பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்து எழுதட்டும். பரப்புக் கணக்கும், எல்லைகளும், எழுதிய நொத்தாரிசும், காசு கொடுத்த கதையும் ஒவ்வொன்றாய் வரும். ஒரே நாளில் முடிக்கவேண்டாம். மறதி வருத்தம் தொடங்கியவரானால் பிந்தாமல், அவர் தெளிவாக இருக்கும் நேரம் பார்த்துக் கேளுங்கள்.

அதே பேச்சில் கடனும் வரட்டும். விதைநெல் கொடுத்தது யாருக்கு, சீட்டுக்காசு யாரிடம், நகை அடைவு வைத்த துண்டு எங்கே, மீட்கும் தவணை எப்போது என்பவை பெரும்பாலும் அவருடைய தலைக்குள்தான் இருக்கின்றன. அவர் சொன்னதை எழுதிய பின் அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். கைநடுக்கம் உள்ளவரை வெறுந்தாளில் பெருவிரல் வைக்கச் செய்யாதீர்கள், கேட்பவர் சொந்தமானாலும்.

கொப்பியையும் மூலப்பத்திரங்களையும் பொலித்தீன் பைகள் இரண்டில், ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுக் கட்டுங்கள். கொட்டில் நிலத்தில் வைத்தால் கறையான் விடாது. அடுப்புக்கு எட்டத்தில் முகட்டில் தொங்கவிடுவது நல்லது. ஒரு தொகுதி போட்டோப் பிரதியை வேறூரில் உள்ள நம்பிக்கையான உறவினரிடம் கொடுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் உதவும். ஆனால் தொலைபேசியும் தொலையும்.

வீட்டில் மரணம் நேர்ந்தால் 5 நாட்களுக்குள் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். கிராம அலுவலரிடமும் போகவேண்டியிருக்கும். அழுகைக்கு நடுவில் யாரும் முகட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. பை தொங்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அதில் ஒருவர் நோயாளியாக இருக்கவேண்டாம்.