நெட்டையருக்கு ஒரு ஹெரால்டு
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

சட்டை இறுக்கமாக இருந்தால் தையற்காரரிடம் கொடுத்துப் பிரித்து விடச் சொல்கிறோம். கார் இறுக்கமாக இருந்தால் மட்டும் விற்றுவிட நினைக்கிறோம். பழைய கார்களைப் பொறுத்தவரை, அதிலும் நம் பக்கத்து ஊரிலேயே பிறந்த ஒரு காரைப் பொறுத்தவரை, இந்நினைப்பு சரியன்று என்பதை எனக்குத் தெரிந்த இயற்பியலைக் கொண்டும், என் தந்தையாரின் கைத்தொழிலைக் கொண்டும் விளக்க முற்படுகிறேன்.

கூடுவாஞ்சேரியில் மின்சார ரயில் ஏறித் தாம்பரம் நோக்கிச் சென்றால் ஊரப்பாக்கத்தை அடுத்து வண்டலூர், பெருங்களத்தூர் வரும். அப்பகுதியில் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்ததுதான் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலை. 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டு என்னும் காரை 1961 முதல் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்ற பெயரில் நம் நாட்டில் தயாரித்தவர்கள் இவர்களே. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. 1980களின் இறுதியில் ஆலை மூடப்பட்டது. ஆயினும் ஹெரால்டுகள் சில இன்னும் நம் வட்டாரத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன.

அழகான கார்தான், ஆனால் சிறிய கார். அம்பாசிடரின் உயரம் 160 செ.மீ.; ஹெரால்டின் உயரம் 132 செ.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையேயுள்ள தூரம் அம்பாசிடரில் 246 செ.மீ.; இதில் 232 செ.மீ.தான். ஏழரை மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது இதன் பெருமை. ஆறடி மனிதர் இதனுள் அமர்ந்தால் படும் பாடு வேறு கதை.

அத்தகைய ஒருவர், ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், சென்ற ஆண்டு என் தந்தையாரின் கடைக்குத் தம் ஹெரால்டைக் கொண்டு வந்தார். (ஜி.எஸ்.டி. சாலையோரம் கார் இருக்கை தைக்கும் கடை அது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான்.) தலை கூரையில் இடிப்பது அவருக்குப் பெரிய குறையாகப் படவில்லை. ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றும்போது முழங்கால் ஸ்டியரிங் வளையத்தின் அடியில் சிக்கிக் கொள்கிறது என்றார். இது சொகுசுப் பிரச்சினை அன்று, உயிர்ப் பிரச்சினை. “சரி செய்ய முடியாதென்றால் எடைக்குப் போட்டுவிடுகிறேன்” என்று அவர் சொன்னபோது குரல் கம்மியது.

முழங்கால் ஏன் சிக்குகிறது? இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றும் ஒரு முக்கோணம். அவருக்குத் தொடை 45 செ.மீ., கணைக்கால் 48 செ.மீ. என அளந்தோம். இடுப்பிலிருந்து மிதி வரை இருந்த தூரம் 70 செ.மீ. நாம் மேல்நிலைப் பள்ளியில் படித்த கொசைன் விதியைப் போட்டால் முழங்கால் மடியும் கோணம் ஏறத்தாழ 98 பாகை. இடுப்பையும் கணுக்காலையும் இணைக்கும் கோட்டுக்கு மேல் முழங்கால் 30 செ.மீ.க்குச் சற்று அதிகமாக எழுந்து நிற்கும். தொடை 40, கணைக்கால் 41 செ.மீ. உள்ள ஒருவருக்கு அதே இருக்கையில் கோணம் 120 பாகை. முழங்கால் 20 செ.மீ.தான் எழும். ஒரே கார், ஒரே இருக்கை. இருவருக்கும் முழங்கால் உயரத்தில் 10 செ.மீ. வேறுபாடு! இடுப்பை 6 செ.மீ. பின்னுக்குக் கொண்டுபோனால் நம் நெட்டையரின் கோணம் 110 பாகையாக விரிந்து, முழங்கால் 4 செ.மீ. தாழும். வளையத்தின் அடியில் கால் நுழைய அதுவே போதும்.

நான் கணக்குப் போட்டு முடிக்கும் முன்பே, “முதுகுல ரெண்டு விரக்கடை, அடியில ரெண்டு விரக்கடை” என்று தந்தையார் சொல்லிவிட்டார். அளந்து பார்த்தேன், ஏறக்குறைய 7 செ.மீ. வந்தது! கொசைன் அவருக்குத் தெரியாது.

முதுகுச் சாய்வில் முன்பு யாரோ தாராளமாக ஸ்பாஞ்சு அடைத்திருந்தார்கள். புதுப்பிக்கிறோம் என்று பழைய கார்களில் பலரும் செய்வது இது. இருக்கை பார்க்கக் கொழுகொழுவென்று இருக்கும், ஓட்டுநருக்குத்தான் இடம் இராது. அதில் பாதியை எடுத்து, மெல்லிய அழுத்தமான ஸ்பாஞ்சு வைத்தார். அடிமெத்தையிலும் பின்பக்கம் சிறிது குறைத்ததால் தலைக்கும் இடம் கிடைத்தது. இங்கே பேராசை கூடாது. மிகவும் குறைத்தால் இடுப்பெலும்பு இரும்புச் சட்டத்தில் இடிக்கும். பார்வையும் வளையத்துக்குக் கீழே போய்விடும்.

இருக்கையைப் பின்தள்ளத் தரைத் தகட்டில் புதிதாகத் துளையிடுவதே பட்டறைகளின் வழக்கம். என் தந்தையார் அதற்கு இசையவில்லை. ஐம்பது ஆண்டு கடந்த தகடு. துருப்பிடித்த இடத்தில் துளையிட்டால் விபத்து நேரத்தில் இருக்கையே பிடுங்கிக்கொண்டு வரும். பழைய துளைகளிலேயே 5 மி.மீ. பட்டை இரும்பை முடுக்கி, அதன்மேல் சீட் ரெயிலைப் பின்தள்ளிப் பொருத்தினார். புதுத் துளை போட்டே தீரவேண்டும் என்றால் தகட்டின் அடியில் அகன்ற இரும்புத் தட்டு வைத்தே முடுக்க வேண்டும். வெறும் வாஷர் போதாது.

இருக்கை பின்னால் போனால் கை எட்டாதே என்று நண்பர்கள் கேட்கலாம். இதற்கு விடையை ஹெரால்டை வடிவமைத்தவர்களே வைத்திருக்கிறார்கள். ஸ்டியரிங் தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய் அமைப்பு. பிடிப்பைத் தளர்த்தி வேண்டிய அளவு இழுத்துக் கொள்ளலாம். பிறகு பிடிப்பை நன்றாக இறுக்கிவிட்டுத்தான் காரை எடுக்க வேண்டும்.

சிறிய வளையம் மாட்டுவோரும் உண்டு. 40 செ.மீ. வளையத்துக்குப் பதில் 35 செ.மீ. போட்டால் முழங்காலுக்கு இரண்டரை செ.மீ. கிடைக்கும். ஆனால் திருப்புவிசை மாறாதிருக்க ஆரம் குறைவதால், கை கொடுக்க வேண்டிய விசை ஏழில் ஒரு பங்கு கூடும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பின் இருக்கையைக் கழற்றிவிட்டால் இன்னும் இடம் வருமே என்று அவர் கேட்டார். இருக்கைகளின் எண்ணிக்கை பதிவுச் சான்றிதழில் உள்ளது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி அதில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றுவது குற்றம். எனவே பின் இருக்கை அப்படியே இருக்கிறது. இப்போது அவர் வாரந்தோறும் செங்கற்பட்டு வரை ஓட்டிப் போய் வருகிறார். ஓட்டுநருக்குப் பின்னால் மட்டும் பேரப்பிள்ளைகளைத்தான் உட்கார வைக்க முடிகிறது.