பத்துல எட்டு போதுமா?

"அக்கா, பத்துப் பேர்ல எட்டுப் பேருக்கு டிராஃபிக் சத்தத்துல நேரம் கூடியிருக்கு, ரிசல்ட் வந்துருச்சு"ன்னு நேத்து ராத்திரி மெசேஜ் போட்டிருந்தியே. எட்டு போதாது கண்ணு. பேப்பரும் பேனாவும் எடுத்துக்கோ.

நீ வெச்சது ஸ்ட்ரூப் சோதனை, 1935ல வந்தது. 'சிவப்பு'ங்கிற வார்த்தையைப் பச்சை மையில எழுதிக் காட்டி, மையோட நிறத்தைக் கேட்டா நாக்கு தடுமாறும், பதில் சொல்ல நேரம் பிடிக்கும். நம்ம ஓசூர் ரோடு நிம்ஹான்ஸ் 2004ல கொண்டுவந்த நரம்பியல் உளவியல் சோதனைத் தொகுப்புலயும் இது இருக்கு. அதை எழுதின மூணு பேர்ல சுப்பகிருஷ்ணா புள்ளியியல்காரர். கணக்கு கடைசில ஒட்டவைக்கிற வால் இல்லைங்கிறதுக்காகச் சொல்றேன்.

உனக்குக் குறிச் சோதனையே போதும். சத்தத்துல நேரம் கூடினவங்களுக்குப் பிளஸ், குறைஞ்சவங்களுக்கு மைனஸ், மாறாதவங்களை விட்டுடு. சத்தத்தால ஒண்ணுமே ஆகலைன்னா பிளஸ்ஸும் மைனஸும் காசு சுண்டின மாதிரிதான் விழும். பத்துத் தடவை சுண்டினா 1024 விதமா விழலாம். அதுல எட்டோ அதுக்கு மேலயோ ஒரே பக்கம் சாயறது, ரெண்டு பக்கமும் சேர்த்து, 112 விதம். அதாவது 0.11. வெறும் காசே நூத்துக்குப் பதினொரு தடவை இதைப் பண்ணும். ஒன்பதுன்னா 22 விதம்தான், 0.02. வழக்கமா நாம வெச்சிருக்கிற கோடு 0.05, அதுக்குக் கீழ வந்தாத்தான் தாண்டினதா அர்த்தம்.

இங்கதான் மனசு சபலப்படும். இன்னும் ரெண்டு பேரைப் பிடிச்சு ரெண்டும் பிளஸ் ஆனா, 12ல 10, 0.04 ஆயிடும். பண்ணாதே. கோட்டைத் தாண்டற வரைக்கும் ஆள் சேர்த்துக்கிட்டே போனா, வெறும் காசும் என்னைக்காவது தாண்டும். உளவியல்ல 100 ஆய்வுகளைத் திரும்பச் செஞ்சு பார்த்து 2015ல வெளியிட்டாங்க. முதல்ல 97 சதவீதம் கோட்டைத் தாண்டியிருந்தது, மறுபடி செஞ்சப்போ 36 சதவீதம்தான். அதுக்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்னுதான் நான் நினைக்கிறேன்.

இந்தப் பத்தை ஒத்திகைன்னு எழுதிவெச்சுட்டு, புதுசா 20 பேரை எடு. 20 சீட்டு மடிச்சு, பத்துல 'அமைதி முதல்ல', பத்துல 'சத்தம் முதல்ல'ன்னு எழுதி, வர்றவங்களையே எடுக்கச் சொல்லு. நான் படிக்கும்போது எல்லாருக்கும் அமைதியைத்தான் முதல்ல வெச்சேன். ரெண்டாவது தடவை பழகிப்போய் வேகமா சொல்லிட்டாங்க. அதுல சத்தத்தோட பங்கு எதுன்னு பிரிக்கவே முடியல, மூணு வாரம் வீணாச்சு.

இன்னொண்ணு. குறிச் சோதனைக்கு அரை செகண்டும் பத்து செகண்டும் ஒரே பிளஸ்தான். அதனால எத்தனை செகண்ட் கூடுச்சுங்கிறதையும் ரிப்போர்ட்ல போடு. கோட்டைத் தாண்டலைன்னாலும் வந்த எண்ணை அப்படியே எழுது.

20 பேருக்கு 15 பிளஸ்னா 0.04, 14ன்னா 0.12. நாளைக்குக் காலைல நோட்டுல தேதி போட்டு, '20 பேர், 15 பிளஸ்'னு எழுதி எனக்குப் போட்டோ அனுப்பு. அதுக்கப்புறம் முதல் ஆளைக் கூப்பிடு.