முள்வேலிக்குள் ஒரு சோப்புக் கட்டி

புயல், வெள்ளம் என்று செய்தி வந்தால் வகுப்புக்கு ஓர் அட்டைப்பெட்டி வைப்பது நம் பள்ளி வழக்கம். அரிசி, பருப்பு, துணிமணி, சோப்பு என்று அவரவர் இயன்றதைப் போடுவோம். மாலையில் லாரி வந்து எடுத்துச் செல்லும். உதவி என்றால் நாம் அறிந்தது இதுவே. ஆனால் துன்பப்படுவோர் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தால் அந்தப் பெட்டி எவ்வாறு போய்ச் சேரும்? பாஸ்போர்ட்டும் விசாவும் இன்றி எல்லை கடந்து வந்து, தடுப்பு முகாம்களில் வைக்கப்படும் மக்களைப் பற்றி எண்ணும்போது இக்கேள்வி எழுகிறது. இதற்கு விடை தேட, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் எல்லைக்குச் செல்வோம்.

அங்கே டெக்ஸாஸ் மாநிலத்துக்கும் மெக்ஸிகோவுக்கும் நடுவே ரியோ கிராண்டே ஆறு ஓடுகிறது. எல் சல்வடோர், ஹோண்டுராஸ், குவாத்தமாலா ஆகிய நாடுகளில் கொலைக் கும்பல்களுக்கும் வறுமைக்கும் அஞ்சிய மக்கள் மெக்ஸிகோ முழுவதையும் கடந்து இவ்வாற்றங்கரைக்கு வந்தனர். 2014ஆம் நிதியாண்டில் மட்டும், பெற்றோர் துணையின்றி வந்து எல்லைக் காவலரிடம் அகப்பட்ட சிறுவர் சிறுமியர் 68,000 பேருக்கு மேல். ஒரு நாடு தன் எல்லையைக் காப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. பிடித்த பிறகு எப்படி வைத்திருக்கிறது என்பதே கேள்வி. எல்லைக் காவல் நிலையங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டப்பட்டவை அல்ல. சிமெண்டுத் தரை, இரவும் பகலும் அணையாத விளக்கு, எலும்பை நடுக்கும் குளிரூட்டம். அங்கு இருந்துவந்தோர் அவ்வறைகளுக்கு ஸ்பானிய மொழியில் ஐஸ்பெட்டி என்றே பெயர் வைத்துவிட்டனர். போர்த்திக்கொள்ள, வெள்ளித்தாள் போன்ற மெல்லிய விரிப்பு ஒன்று கிடைக்கும். தனியே வந்த பிள்ளைகளை 72 மணி நேரத்துக்குள் வேறு இல்லங்களுக்கு மாற்ற வேண்டும் என்பது சட்டம். கூட்டம் பெருகியபோது அது பலமுறை மீறப்பட்டது.

இம்மக்களுக்கு முதலில் வாசலுக்கு வெளியேதான் உதவி கிடைத்தது. அருட்சகோதரி நார்மா பிமென்டெல் என்பவர் பிரவுன்ஸ்வில் மறைமாவட்டத்தின் கத்தோலிக்க அறப்பணி அமைப்பை நடத்தி வந்தவர். 2014 ஜூன் மாதம், தடுப்பிடத்திலிருந்து விடுவிக்கப்பட்ட தாய்மாரும் குழந்தைகளும் மெக்காலன் நகரப் பேருந்து நிலையத்தில், சேறு காய்ந்த உடையுடன், நீதிமன்ற விசாரணைக்கான காகிதங்களைக் கையில் பிடித்தபடி நின்றனர். உடனே திரு இருதய ஆலயத்தின் மண்டபம் அவர்களுக்காகத் திறக்கப்பட்டது. குளிக்க வெந்நீர், மாற்றுடை, சூடான சூப், உறவினருடன் பேசத் தொலைபேசி, இவ்வளவுதான் அங்கே தரப்பட்டவை. ஆனால் பல நாள் குளிக்காத ஒரு தாய்க்கு வெந்நீர் என்பது சிறிய பொருளா? தடுப்பிடத்தில் நுழையும்போது பாதுகாப்பு கருதி ஷூ லேஸ்களைக் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். எனவே வெளியே வருவோரின் காலணிகள் நடக்க நடக்கக் கழலும். அவர்களுக்குப் புது லேஸ் கொடுப்பதும் அம்மண்டபத்துத் தொண்டர்களின் வேலையாயிற்று. நாம் பெட்டி வைத்திருந்தால் ஷூ லேஸ் போட யாருக்கேனும் தோன்றியிருக்குமா? புறப்படும்போது ஓர் உறையும் கொடுத்தனர். தமக்கு ஆங்கிலம் தெரியாது, எந்தப் பேருந்தில் ஏறுவது என்று காட்டி உதவுங்கள் என அதன்மேல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பின்னர் இடம் மாறிய அந்த இல்லத்தின் வழியாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சென்றிருக்கின்றனர்.

உள்ளே இருந்தவர்களின் நிலை வேறு. 2019 ஜூன் மாதம் டெக்ஸாஸில் கிளின்ட் என்னும் சிற்றூரின் காவல் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அடைபட்டிருந்தனர். மாற்றுடை இல்லை, பல நாள் குளியல் இல்லை, தம்மோடு எவ்வித உறவும் இல்லாத கைக்குழந்தைகளைப் பெரிய பிள்ளைகள் பார்த்துக்கொண்டனர். செய்தி பரவியதும் மனமிரங்கிய சிலர் சோப்பும் குழந்தைகளுக்கான டயாப்பரும் பொம்மைகளும் வாங்கிக்கொண்டு வந்தனர். அவற்றை வாங்கிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. வந்தவர்கள் பொருளோடு திரும்பினர்.

அப்படியானால் உள்ளே நடந்தது வெளியே தெரிந்தது எவ்வாறு? சில வழக்கறிஞர்கள் உள்ளே சென்று பிள்ளைகளிடம் நேரில் கேட்டறிந்தனர். அவர்களுக்கு அந்த உரிமையைத் தந்தது ஒரு பழைய வழக்கு. அவ்வழக்கு, நம்மைப் போல் பதினைந்து வயதான ஒரு சிறுமியின் பெயரால் வழங்குகிறது.

அவள் பெயர் ஜெனி ஃபுளோரெஸ். எல் சல்வடோரில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில், 1985ஆம் ஆண்டு, தன் தாய்மாருள் ஒருவர் போன்ற உறவினரிடம் சேர வந்தாள். (அத்தை, சித்தி, பெரியம்மா எல்லாருக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான். எந்த முறையானால் என்ன, சொந்தம் சொந்தமே!) கலிஃபோர்னியாவில், முள்கம்பி சுற்றிய ஒரு பழைய தங்கும் விடுதியில், முன்பின் அறியாத பெரியவர்களோடு அவளை அடைத்தனர். படிப்பில்லை, பார்வையாளர் இல்லை. கூசும்படியான உடற்சோதனையும் உண்டு. உறவினர் அழைத்துச் செல்ல ஆயத்தமாக இருந்தும், பெற்றோரிடமோ சட்டப்படியான காப்பாளரிடமோ அன்றி வேறு எவரிடமும் ஒப்படைக்க முடியாது என்று அதிகாரிகள் மறுத்தனர்.

வழக்கு எட்டு ஆண்டு நடந்து உச்சநீதிமன்றம் வரை சென்றது. அங்கே 1993இல் பிள்ளைகள் தரப்பு தோற்றது. ஏழு நீதிபதிகள் அரசின் பக்கம், இருவர் மட்டும் எதிராக. நாமாயின் அத்துடன் சோர்ந்திருப்போம். வழக்கறிஞர்கள் விடவில்லை. 1997இல் அரசே ஓர் உடன்படிக்கைக்கு இணங்கியது. தடுத்து வைக்கும் பிள்ளைகளைப் பாதுகாப்பும் தூய்மையும் உள்ள இடத்தில் வைக்க வேண்டும். உணவும் குடிநீரும் தர வேண்டும். வீண் தாமதமின்றி உறவினரிடம் ஒப்படைக்க வேண்டும். அத்தையும் சித்தியும் அவ்வுறவினருள் அடக்கம்.

2019 ஜூனில் இந்தத் தூய்மை என்ற சொல்லின் பொருள் என்ன என்பதே வாதமாயிற்று. உடன்படிக்கையில் சோப்பு என்றும் பல் துலக்கும் பிரஷ் என்றும் எழுதப்படவில்லையே என்று அரசு வழக்கறிஞர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வாதிட்டார். மூன்று நீதிபதிகளுக்கும் வியப்பு. அவர்களுள் ஒருவர் வாலஸ் டஷிமா. ஜப்பானிய வம்சத்தவர் என்ற காரணத்தால், இரண்டாம் உலகப்போரின்போது அரிசோனா பாலைவனத்தில் போஸ்டன் என்ற முகாமில் சிறுவயதிலேயே அடைக்கப்பட்டிருந்தவர். சோப்பும் பிரஷும் போர்வையும் இல்லாத இடம் தூய்மையானதன்று என்பது எல்லாருக்கும் தெரிந்ததே என்று அவர் கூறினார். முகாமைப் பற்றி அவருக்கு எந்த வழக்கறிஞர் என்ன விளக்கியிருக்க முடியும்! அவ்வாண்டு ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. போதிய உணவு, நல்ல நீர், சோப்பு, பற்பசை, உறக்கம் யாவும் அச்சொல்லில் அடங்கும் என்றது.

ஈகையாக வந்த சோப்பு வாசலிலேயே நின்றது. உரிமை என்று கேட்ட சோப்புக்குத்தான் நீதிமன்றம் வழிவிட்டது. இதனால் ஈகை வீண் என்று எண்ண வேண்டாம். வழக்கு நடந்த ஆண்டுகளில் பேருந்து நிலையத்தில் நின்ற தாய்க்கு அன்றிரவே சூப் தந்தது மண்டபம்தான்.

2025இல் இவ்வுடன்படிக்கையையே நீக்கிவிடுமாறு அரசு கேட்டது. ஆகஸ்டில் நீதிபதி மறுத்தார். 1985இல் பதினைந்து வயதாயிருந்த ஜெனி இன்று ஐம்பதைக் கடந்த பெண்மணி. அவ்வழக்கு இன்னும் அவள் பெயராலேயே நீதிமன்றத்தில் அழைக்கப்பட்டு வருகிறது.