ஆயாவுக்கு நாலு பட்டன் போதும்

செங்கத்தில் டிவி ரிப்பேர் கடை நடத்துகிறேன். பிக்சர் டியூப் டிவி போனதோடு இந்தத் தொழிலில் பாதி போய்விட்டது. பேனல் உடைந்தால் புது டிவியே வாங்கிவிடலாம் என்கிற விலை. யார் ரிப்பேருக்குக் கொண்டுவருவார்கள்? இப்போது கடைக்கு வருவது பெரும்பாலும் ரிமோட் பஞ்சாயத்துதான். மஞ்சப்பையில் மூன்று ரிமோட்டைப் போட்டுக்கொண்டு பரமனந்தல் பக்கமிருந்துகூட வருவார்கள். "இதுல படம் வருது, இதுல சவுண்டு வருது, இது எதுக்குன்னே தெரியலணா. பசங்க பெங்களூர் போயிட்டா ஆயா டிவியே போடறதில்ல."

கவனிக்க வேண்டியது அந்தக் கடைசி வரியை. இன்னொரு ரிமோட்டின் கட்டளையைக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் ரிமோட் என்றதும் அதில் எத்தனை பட்டனை ஏற்ற முடியும் என்றுதான் இளவட்டங்கள் பார்ப்பார்கள். நான் பகலில் அந்த வீட்டில் தனியாக இருப்பது யார் என்று கேட்பேன். அவருக்கு வேண்டியது அநேகமாக நாலே பட்டன்: டிவி ஆன்-ஆஃப், சத்தம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, டிவி வேறு எங்கோ போய் நின்றுவிட்டால் திரும்பக் கொண்டுவர சோர்ஸ். சேனல் மாற்றுவது பாக்ஸ் ரிமோட்டிலேயே இருக்கிறது.

இதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். கேபிள், டிடிஎச் பாக்ஸ் ரிமோட்டுகள் பலவற்றில் மேலேயோ கீழேயோ 'டிவி' என்று போட்டு நாலைந்து பட்டன் தனியாக இருக்கும். 2017-ல் அரசு கேபிள் டிஜிட்டலுக்கு மாறி இலவச செட்டாப் பாக்ஸ் கொடுத்தபோது வீட்டுக்கு வீடு ஒரு ரிமோட் கூடியது. இந்தத் தனிப் பட்டன்களை அழுத்திப் பார்த்து, ஒன்றும் நடக்காததால், 'சும்மா வச்சிருக்கான்' என்று விட்டவர்கள்தான் அதிகம். கற்றுக்கொடுக்கும்வரை அவை வேலை செய்யாது.

கற்றுக்கொடுக்கும் முறை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும். பொதுவாக, செட் பட்டனை (அது இல்லாவிட்டால் டிவி பவர் பட்டனை) சிவப்பு லைட் நின்று எரியும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏற்ற வேண்டிய பட்டனை ஒரு தட்டு தட்டினால் லைட் மாறும் அல்லது சிமிட்டும். பிறகு இரண்டு ரிமோட்டின் மூக்கையும் மேஜைமேல் நேருக்கு நேர், இரண்டு மூன்று விரற்கடை தள்ளி வைத்து, டிவி ரிமோட்டில் அதே வேலைக்கான பட்டனை அழுத்த வேண்டும். லைட் இரண்டு முறை வெட்டினால் பதிந்துவிட்டது. எல்லாம் முடிந்ததும் செட்டை மறுபடி அழுத்தி வெளியே வர வேண்டும். சில மாடல்களில் அப்படிச் செய்யாவிட்டால் ஏற்றியதெல்லாம் போய்விடும்.

உள்ளே நடப்பது இதுதான். மூக்கிலுள்ள எல்இடி 940 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை விடுகிறது. அது நொடிக்குச் சுமார் 38,000 முறை சிமிட்டும் வேகத்தில், விட்டு விட்டு எரிகிறது. எவ்வளவு நேரம் எரிந்தது, எவ்வளவு நேரம் அணைந்தது என்பதில்தான் கட்டளை இருக்கிறது. பரவலாகப் பயன்படும் என்ஈசி முறையில் முதலில் 9 மில்லிசெகண்ட் நீளத் துடிப்பு, 4.5 மில்லிசெகண்ட் இடைவெளி, அதன்பின் 32 பிட். இதன் அர்த்தமெல்லாம் லேர்னிங் ரிமோட்டுக்குத் தெரியாது. தாளத்தைக் கேட்டு அப்படியே திருப்பி வாசிக்கும், அவ்வளவே.

இந்த அகச்சிவப்பை 1800-ல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். 1781-ல் யுரேனஸைக் கண்டவரும் அவரே. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று 1977-ல் தெரியவந்தபோது, அதைப் பதிவுசெய்த தொலைநோக்கிகளில் ஒன்று நம் ஜவ்வாது மலைக் காவலூரில் இருந்தது. கடைக்கு வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வேன். பாதிப் பேர் நம்புவதில்லை.

லேர்னிங் ரிமோட் கேட்கும் தாளத்தில் கலப்படம் இருந்தால் அதையும் சேர்த்தே பதியும். அதனால் வெயில் விழும் வாசலில் உட்கார்ந்து ஏற்றாதீர்கள். சிஎஃப்எல் பல்பும் எலக்ட்ரானிக் சோக் டியூப்லைட்டும் தலைக்கு மேல் எரிந்தாலும் அணைத்துவிடுங்கள். இரண்டு ரிமோட்டிலும் புது செல் போடுங்கள். கற்றுக்கொடுக்கும் ரிமோட்டில் செல் சோர்ந்திருந்தால் ஏறியது போலக் காட்டும், டிவி முன்னால் போனால் அசையாது. புழுதிக்குப் பயந்து மாட்டிவைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரை அந்த நேரத்துக்காவது கழற்றுங்கள். அசல் ரிமோட்டே ஒளி விடுகிறதா என்று சந்தேகம் வந்தால் செல்போனின் செல்ஃபி கேமரா முன் பிடித்து பட்டனை அழுத்துங்கள், ஊதா நிறத்தில் மினுங்கும். பின்பக்க கேமராக்கள் பலவற்றில் ஃபில்டர் இருப்பதால் அவற்றை நம்ப வேண்டாம்.

நேரத்தைத் தின்பது சத்தம்தான். ஹோம் தியேட்டர் இருக்கிற வீட்டில் மூன்று வால்யூம் உண்டு: பாக்ஸில் ஒன்று, டிவியில் ஒன்று, ஆம்ப்ளிஃபையரில் ஒன்று. ஆளுக்கொன்றைக் கூட்டிக் குறைத்து, கடைசியில் "ஆம்ப் போச்சுணா" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். திறந்து பார்த்தால் ஒன்றுமிருக்காது. பாக்ஸ் வால்யூமை யாரோ அடியில் இறக்கியிருப்பார்கள். மூன்றில் ஒன்றை மட்டும் உயிரோடு விடுங்கள். பாக்ஸிலிருந்து சிவப்பு-வெள்ளை ஒயர் நேராக ஆம்ப்புக்குப் போனால், பாக்ஸ் வால்யூமை முக்காலுக்கு மேல், ஒலி கரகரக்காத அளவில் நிறுத்திவிட்டு, டிவி ஸ்பீக்கரை மெனுவில் அணைத்துவிட்டு, ஆம்ப்பின் வால்யூமை மட்டும் லேர்னிங் பட்டனில் ஏற்றுங்கள். ரிமோட்டில் 'டிவி' என்று எழுதியிருந்தாலும் எந்தக் கருவியின் கட்டளையையும் அந்தப் பட்டன் ஏற்கும். ஊரில் அசெம்பிள் செய்த ஆம்ப்புகளோடு வரும், பட்டன் செல் போட்ட மெல்லிசு ரிமோட் சோபா இடுக்கில் விழுந்து தொலைவதற்கு முன் இதைச் செய்துவிடுவது நல்லது. மிச்சமுள்ள பாக்ஸ் வால்யூம் பட்டனைத் தொடக்கூடாது என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. அதனால் ஏற்றிய நாலு பட்டனில் நெயில் பாலிஷ் புள்ளி வைத்துவிடுவேன், எழுத்துப் படிக்காதவர்களுக்கும் சரி, கண்ணாடியை மறந்தவர்களுக்கும் சரி.

கம்பெனி சவுண்ட்பார் வைத்து, எச்டிஎம்ஐ ஏஆர்சி ஒயரில் மாட்டியிருந்தால் வேலை இன்னும் சுலபம். டிவி மெனுவில் சாம்சங் 'அனிநெட் பிளஸ்', எல்ஜி 'சிம்ப்ளிங்க்', சோனி 'பிராவியா சிங்க்' என்று ஆளுக்கொரு பெயரில் வைத்திருக்கும் வசதியை ஆன் செய்தால், டிவியின் வால்யூம் பட்டனே சவுண்ட்பாரை ஆளும். பிறகு டிவி வால்யூமை மட்டும் ஏற்றினால் போதும்.

ஒரே அழுத்தில் எல்லாம் ஆன் ஆக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி வரிசையாகக் கட்டளை அனுப்பும் ரிமோட்டும் கிடைக்கிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆன்-ஆஃப் இரண்டுக்கும் ஒரே கட்டளைதான் என்பதால், கரண்ட் போய் வந்தபின் பாக்ஸ் தானாக விழித்திருக்க டிவி தூங்கிக்கொண்டிருக்கும். அந்தப் பட்டனை அழுத்தினால் டிவி ஆன் ஆகும், பாக்ஸ் ஆஃப் ஆகும். நம் ஊர்க் கரண்டுக்கு அது சரிப்படாது. ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக்கே 1987-ல் 'கோர்' என்று ஒரு லேர்னிங் ரிமோட் கொண்டுவந்தார். அதைப் பழக்குவதே பெரிய வேலையாக இருந்தது, அதைத் தயாரித்த கம்பெனி நிலைக்கவில்லை. எல்லாம் செய்யும் ரிமோட்டுக்குப் பேர்போன லாஜிடெக்கின் 'ஹார்மனி'யும் 2021-ல் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது.

எல்லாம் சரியாக ஏற்றியும் '11' அழுத்தினால் '1' மட்டும் விழுகிறதா? பழைய பிலிப்ஸ் வகை டிவிகளில் இது வரும். அவற்றின் ஆர்சி-5 முறையில் ஒவ்வொரு புது அழுத்தத்துக்கும் ஒரு பிட் மாறி மாறி வரும். லேர்னிங் ரிமோட் பதிந்ததையே திரும்பத் திரும்ப அனுப்புவதால், விரலை இன்னும் எடுக்கவில்லை என்று டிவி நினைத்துக்கொள்ளும். எண் பட்டன்களை ஏற்றாமல் விடுவதே இதற்கு வழி. நாலு பட்டனோடு நிறுத்தச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அசல் ரிமோட் தொலைந்துவிட்டால் எதை வைத்துக் கற்றுக்கொடுப்பது? 2006-ல் தொடங்கி அரசு இலவச கலர் டிவி கொடுத்த காலத்தில், ஒரே லாட்டில் வந்த டிவி தெரு முழுக்க இருந்தது. பக்கத்து வீட்டில் ரிமோட் கைமாற்று வாங்கி ஏற்றிவிடலாம். இப்போது அதே பிராண்டு டிவி இருக்கிற வீட்டைத் தேட வேண்டும். இல்லையென்றால் ரெட்மி போன்ற சில செல்போன்களில் அகச்சிவப்பு எல்இடி உண்டு. ரிமோட் செயலியில் உங்கள் டிவியைத் தேர்ந்தெடுத்து, அது வேலை செய்கிறதென்று பார்த்துக்கொண்டு, செல்போனின் உச்சியை லேர்னிங் ரிமோட்டின் மூக்குக்கு நேரே பிடித்துப் பதியுங்கள். பலருக்கு இது தோன்றுவதேயில்லை.

ஸ்மார்ட் டிவியின் குரல் ரிமோட்டிலும் ஃபயர் ஸ்டிக் ரிமோட்டிலும் பல பட்டன்கள் ப்ளூடூத்தில் ஓடுபவை. ஒளி வராததால் லேர்னிங் ரிமோட் அவற்றைக் கற்காது. ஆனால் குரல் ரிமோட்டிலும்கூட பவர் பட்டன் பல நேரம் அகச்சிவப்பில் இருக்கும். செல்ஃபி கேமராவில் ஒவ்வொரு பட்டனாகப் பார்த்தால் எதை ஏற்றலாம், எதை ஏற்ற முடியாது என்று தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் அசல் ரிமோட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். மெனு, ட்யூனிங், ரீசெட் எல்லாவற்றுக்கும் அவை வேண்டும். செல்லைக் கழற்றிவிட்டு அலமாரியில் வையுங்கள். மலிவு செல் உள்ளேயே கிடந்தால் கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடிக்கும். ஸ்பிரிங்கை எமரித் தாளால் தேய்த்து மீட்டுவிடலாம். கசிவு போர்டுக்கு இறங்கியிருந்தால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது.