பிள்ளைகளைப் பாண்டியன் சபையில் நிறுத்துங்கள்

குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் மேலகரம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வீரத்தையும் அறத்தையும் நாடகம் வழியாகச் சொல்லிக்கொடுப்பதே பொருத்தம். ஆனால் வசனத்தை உருப்போட வைக்கும் ஆண்டுவிழா நாடகம் வேண்டாம். வேஷம் கட்டிய பிள்ளை நின்ற இடத்திலேயே யோசித்து முடிவெடுக்க வேண்டும். சாரணர் இயக்கத்துக்காக 1908-ல் புத்தகம் எழுதிய பேடன் பவல், ஐரோப்பியக் குதிரைவீரர்களின் நெறியைச் சிறுவர்களுக்கு முன்மாதிரியாக வைத்தார். நமக்கோ அப்படியொரு முன்மாதிரி பக்கத்திலேயே, தென்காசியில் இருக்கிறது.

ஏப்ரல், மே விடுமுறையில் தொடங்குங்கள். ஜூனில் சாரல் விழுந்துவிட்டால் பிள்ளைகளின் மனசு அருவிக்குப் போய்விடும். முதல் நாள் தென்காசியின் காசி விசுவநாதர் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். 15-ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் கோயிலுக்கு ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்பவர் யாராயினும் அவரைப் பணிவதாகக் கல்லில் பாட்டாகவே வெட்டிவைத்திருக்கிறான். 1924-ல் தீயில் சிதைந்த கோபுரம் மீண்டும் எழுந்து 1990-ல் குடமுழுக்குக் கண்டது. “அப்போ ராஜா யாரைக் கும்பிட்டாரு?” என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பதிலை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

அடுத்து வேஷம். எட்டு முதல் பதிமூன்று வயதுக்குள் ஒரு டஜன் பேர் போதும். சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள், தினமும் மாற்றுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. “நாங்கதான் ராஜா பரம்பரை” என்ற பெரியவர்களின் பேச்சு எங்கள் பக்கத்தில் பிள்ளைகள் காதுவரை வந்துவிடுகிறது. இன்றைய அரசன் நாளை வாயில்காவலனாக நிற்கட்டும். வாள் பெண்பிள்ளை கைக்கும் போகட்டும்.

கதையைப் பாதியில் நிறுத்துவதுதான் இதில் சூட்சுமம். உதாரணமாக, சேர மன்னனின் முரசை நீராட்டக் கொண்டுபோன நேரத்தில், புலவர் மோசிகீரனார் முரசுகட்டிலில் படுத்துத் தூங்கிவிடுகிறார். அதில் ஏறியவருக்குத் தண்டனை உண்டு. சேரமான் வந்து நிற்கிறான். இங்கே நிறுத்தி, அரசன் வேஷக்காரரிடம் கேளுங்கள்: “இப்ப நீ என்ன செய்வே?” ஒருவன் வெட்டச் சொல்வான். ஒருத்தி, தெரியாமல் செய்தது என்பாள். “அப்போ சட்டம் எதுக்கு?” என்று மந்திரி குறுக்கே வருவான். நன்றாகச் சண்டை போடட்டும். எல்லாம் ஓய்ந்த பிறகு, சேரமான் விசிறி எடுத்து வீசிய கதையைச் சொல்லுங்கள்.

போர்க் காட்சி இல்லாமல் பையன்கள் விடமாட்டார்கள். அட்டைவாள், கழுத்துக்குக் கீழேதான் அடி, விழுந்தவனையும் முதுகு காட்டியவனையும் தொடக் கூடாது. போருக்கு முன் பசு, பெண்டிர், நோயாளிகளை ஒதுங்கச் சொல்லும் வழக்கம் புறநானூற்றில் உண்டு. அந்த அறிவிப்பைத் தினம் ஒருவர் உரக்கச் சொல்லட்டும். சிலம்பம் தெரிந்த ஆசான் கிடைத்தால் எதிராளிக்கு வணக்கம் வைக்கும் முறையையும் பழக்கலாம்.

பரிசு வேண்டாம். நல்லவனுக்குக் கோப்பை என்றால் பிள்ளைகள் நல்லவனாக நடிக்கத்தான் பழகுவார்கள்.

பெற்றோரை வேடிக்கை பார்க்க உட்காரவைக்காதீர்கள். கைதட்டல் கேட்டதும் பிள்ளை யோசிப்பதை விட்டுவிடும். வந்தே தீருவேன் என்பவர்களிடம் சீட்டை நீட்டுங்கள், ஒரு வேஷம் எடுக்கட்டும்.